கோணல் கூடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. வார்டில் மருந்து ஏற்றும் இயந்திரத்தில் இரண்டரை என்று அடித்தேன், இருபத்தைந்து ஏறிவிட்டது. நல்லவேளை, நோயாளி பிழைத்துக்கொண்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் புள்ளியை அழுத்தினேன் என்று எவ்வளவோ சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் சிரித்தார். கூனிக்குறுகிப் போனேன்.

மனிதரும் இயந்திரமும் எங்கே இடறுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள் நீ. எனக்காக வந்து பேசேன்.

வாலு

மார்ச் 7

என் வாலுப்பெண்ணே,

கூடம் கோணலா என்று பார்ப்பதுதானே அக்காவின் பிழைப்பு! ஆனால் நான் வந்து பேசினால், தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று தள்ளிவிடுவார்கள். நீ என் ஆய்வுக்கூடத்துக்கு வா. அதே இயந்திரம், வார்டில் நீ போடும் அதே கையுறை. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய். கண்ணாடிக்குப் பின்னால் விசாரணைக் குழுவோடு நானும் இருப்பேன். நாங்கள் உன் கண்ணுக்குத் தெரியமாட்டோம். நான் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்தாலும் சோதனை செல்லாது. வெறும் வயிற்றோடு வராதே.

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் ஆய்வுக்கூடத்திலும் அழுத்த அழுத்தப் புள்ளி விழவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "அக்கா, வரமாட்டேங்குதே, ஏதாவது சொல்லேன்" என்று கெஞ்சினேன், அழுதேன். நீ ஒரு இருமல்கூட இருமவில்லை. யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் எட்டிப் பார்ப்பார்களே! உன்னால் எப்படி உட்கார்ந்திருக்க முடிந்தது?

வாலு

மார்ச் 18

வாலு,

கையுறை போட்ட விரலை அந்தப் பொத்தான் சரியாக உணர்வதில்லை. புள்ளி விழாவிட்டால் எச்சரிப்பதும் இல்லை. எல்லாம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. குழுவினரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். நீ கூப்பிட்டபோது நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். எழுந்து வந்திருந்தால் உன் வேலை போயிருக்கும். எனக்கு வலிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே. கோபம் ஆறியதும் வீட்டுக்கு வாடி.

அக்கா

மார்ச் 29

அக்கா,

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள். தலைமை நர்ஸ் தானே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னால்தான் தப்பித்தேன்; நீ செய்தது சரி என்று புத்திக்குத் தெரிகிறது. மனசுக்குத்தான் தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடியும் அதில் என் அழுத முகமும்தான்.

கொஞ்ச நாள் போகட்டும். வராமல் இருக்கமாட்டேன். வரும் அன்றைக்கு, நான் கூப்பிடும் முன்பே கதவைத் திற.

உன் தங்கை