காதிலிருந்து வராத காசு

மொண்டெவிடியோ
4 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்பது கை பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்துவிட்டு வேறு தாள் எடுக்கச் சோம்பலாக இருக்கிறது, இருக்கட்டும்.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் அதிலும் குற்றம் கண்டுபிடிப்பாய் என்பதால் கேட்கவில்லை. நாலு வருஷமாக நாம் பேசிக்கொள்ளாததில் நான் ஒரு சுற்று பெருத்துத்தான் இருக்கிறேன். இப்போது எழுதுவதும் ஆசைப்பட்டு அல்ல. உங்கள் சால்டோ ஊர் ஆற்றங்கரைக் கிளப்பில் ஆகஸ்ட் 14 குழந்தைகள் தின விழாவுக்கு மேஜிக் செய்ய என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காரியதரிசி ஓடிலோன் போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு குண்டைப் போட்டார். “என்னென்ன ஐட்டம் செய்யப்போறீங்கன்னு நெலிடா டீச்சர்கிட்ட காட்டிருங்க. அவங்க சரின்னா எங்களுக்கும் சரி.” பாலர் பள்ளி டீச்சரிடம் நான் பரீட்சை எழுத வேண்டுமாம். “அவங்க பதினோரு வருஷம் உங்ககூட மேடையில நின்னவங்கதானே” என்றார். நின்றவள் பாதி நிகழ்ச்சியில் இறங்கிப் போனதை நான் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

கேட்டுக்கொள். தீப்பிடிக்கும் பர்ஸ். கழுத்தில் சுற்றி இழுத்தால் கழுத்தை ஊடுருவி வந்துவிடும் கயிறு. கேரட்டை வெட்டிவிட்டு, ஒரு பையனின் கையை மட்டும் வெட்டாமல் விடும் கத்திப் பெட்டி. புறா. கடைசியில் என் காசு: வாயில் போட்டு விழுங்குவேன், முன்வரிசைப் பிள்ளையின் காதிலிருந்து எடுப்பேன். அதற்கு விழும் கைத்தட்டல் உனக்கே தெரியும்.

இந்த வருஷம் உலகக் கோப்பைக்கே நம் அணி போகவில்லை. நாடே இழவு வீடாகக் கிடக்கிறது. பிள்ளைகளாவது சிரிக்கட்டும், கெடுக்காதே.

உன் தம்பி,
வால்டெமார்


சால்டோ
11 ஜூலை 1994

வால்டெமார்,

நான் ‘அன்புள்ள’ எழுதவில்லை. எனக்குக் கை பழக்கம் விட்டுப்போய்விட்டது.

பாதி நிகழ்ச்சியில் இறங்கிப் போனேன், உண்மை. ஏன் போனேன் என்பதையும் ஓடிலோனிடம் சொல்லியிருக்கலாமே. ஒரு குண்டுப் பையனை, அவனுடைய பிறந்தநாளில், மேடைக்கு இழுத்து, அவன் சட்டைக்குள்ளிருந்து முட்டை முட்டையாக எடுத்து, “இதான் தம்பி வயித்து ரகசியம்” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவன் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேஜிக்கில் யாராவது முட்டாளாக வேண்டுமென்றால் அது மேஜிக்காரனாக இருக்க வேண்டும். இதை உனக்கு நான் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

வரப்போகிறவை நாலு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள். பார்த்ததை வீட்டில் போய்ச் செய்துபார்க்கிற வயது. தீ வேண்டாம். கழுத்தில் கயிறு வேண்டவே வேண்டாம், அதற்குக் காரணம் கேட்டால் உனக்கு மூளை இல்லை என்று எடுத்துக்கொள்வேன். கத்திப் பெட்டியில் எந்த அம்மா தன் பிள்ளையின் கையை விடுவாள்? இருநூறு பிள்ளைகள் கத்தும் கூடத்தில் புறாவுக்குத்தான் மாரடைக்கும். காசும் வேண்டாம். வாய்க்குள் போகிற எதுவும் வேண்டாம்.

தானாக நிறம் பூசிக்கொள்ளும் படப் புத்தகத்தைச் செய். பிள்ளைகள் தங்கள் சட்டையிலிருந்து நிறத்தைப் பிடுங்கி வீசுவார்கள், புத்தகம் நிறம் மாறும், தாங்கள்தான் செய்தோம் என்று குதிப்பார்கள். உன் கையில் உடைந்து விழும், பிள்ளையின் கையில் விறைத்து நிற்கும் மந்திரக்கோலைச் செய். முடிவுக்கு ஸ்பாஞ்சுப் பந்து. ஒன்றைப் பிள்ளையின் மூடிய கைக்குள் வை, ஊதச் சொல், திறந்தால் இரண்டு இருக்கட்டும். ஊதிக் காட்டியது அவன், கை அவனுடையது, பெருமையும் அவனுடையது. அந்தப் பிள்ளை வாரம் முழுக்க அதையே பேசும். உனக்குக் கைத்தட்டல் கொஞ்சம் குறையும். தாங்கிக்கொள்.

நெலிடா


மொண்டெவிடியோ
19 ஜூலை 1994

அக்கா,

உன் உத்தரவு கிடைத்தது. தீ இல்லை, கயிறு இல்லை, கத்தி இல்லை, புறா இல்லை. நான் வராமலே இருந்தால் இன்னும் பத்திரமாக இருக்கும் போல.

உனக்குப் பயம். அன்றைக்கும் பயம், இன்றைக்கும் பயம். அந்தப் பயத்துக்குப் பள்ளிக்கூட உடுப்பு மாட்டி டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறாய். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்க வேண்டும், அப்போதுதான் கண் விரியும். ஸ்பாஞ்சுப் பந்தில் என்ன திக்?

இருந்தாலும் எனக்கு இந்த விழா வேண்டும். இங்கே ஆள் பெருத்துவிட்டது. சின்னப் பையன்களெல்லாம் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு பிறந்தநாள் பிறந்தநாளாக அலைகிறார்கள். உங்கள் ஊரில் கால் ஊன்றினால் எனக்கு ஒரு வழி பிறக்கும். அதனால் நீ சொன்னபடியே செய்கிறேன். காசையும் விடுகிறேன். வாக்குத் தந்தேன். ஓடிலோனிடம் சரி என்று சொல்லிவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

வால்டெமார்


சால்டோ
22 ஆகஸ்ட் 1994

வால்டெமார்,

போனில் பேசினால் கத்துவேன், அதனால் எழுதுகிறேன்.

என் வகுப்பில் யாமிலா என்று ஐந்து வயதுப் பெண் இருக்கிறாள். அவளுடைய அம்மா சுல்மா, ஆரஞ்சுப் பழம் அடுக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். விழாவுக்கு மறுநாளிலிருந்து யாமிலா இடது காதை இழுத்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. சுல்மா காதுவலி என்று நினைத்து எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். மருத்துவரும் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, “சும்மா சளிதாம்மா” என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் வகுப்பில் அவளால் தண்ணீரை விழுங்க முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அப்போதும் காதைத்தான் இழுத்தாள். இரண்டு விரலை மடலுக்குப் பின்னால் விட்டு, மெதுவாக, ஒரு சுழற்று.

அந்தச் சுழற்று எனக்குத் தெரியும். நம் சமையலறை மேஜையில் என் காதில்தான் நீ அதைப் பழகினாய்.

“காசு முழுங்கினியா கண்ணு?” என்று கேட்டேன். தலையாட்டினாள். “வரும் டீச்சர். மேஜிக் மாமாகிட்ட கேட்டேன். நெஜமாத்தான் முழுங்கினேன்னு சொன்னாரு. எனக்குத்தான் இன்னும் வரல” என்றாள். அழவில்லை, வால்டெமார். தனக்கு மேஜிக் வரவில்லையே என்று வெட்கப்பட்டாள்.

காசு உணவுக்குழாயில் சிக்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மருத்துவர் சுல்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். உனக்கு எழுதக் கை வரவில்லை.

நான் சமையலறையில் இருநூறு குவளைக்குக் கோகோ ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ காசை எடுத்திருக்கிறாய். எனக்குத் தந்த வாக்கை மீறியதுகூடப் போகட்டும். ஒரு குழந்தை உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள், உண்மையா என்று. அவளிடமுமா பொய்?

நெலிடா


மொண்டெவிடியோ
29 ஆகஸ்ட் 1994

அக்கா,

குழந்தை பிழைத்தது கேட்டு நிம்மதி. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் வரும்.

நடந்ததைக் கேள். மைக் கெட்டுப்போனது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். உன் ஸ்பாஞ்சுப் பந்து நாலாவது வரிசைக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. நீ அந்த மேடையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? காசை எடுத்தேன். ஒரே நிமிஷத்தில் கூடம் அடங்கியது. ஓடிலோன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றே மூன்று பிறந்தநாளுக்கு என்னைப் பேசிவிட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்து ஒரு பிள்ளை வந்து “நெஜமா?” என்று கேட்டால் “நெஜம்தான்” என்று சொல்வது நம் தொழிலில் எல்லாரும் செய்வது. நீயும் பதினோரு வருஷம் சொன்னவள்தான். பொய் என்று சொல்லி ஒரு பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்க எந்த மேஜிக்காரனுக்கும் மனசு வராது. அதைக் குற்றம் என்றால் மூன்று ராஜாக்கள் நாளில், ராஜாக்கள் ஒட்டகத்தில் பரிசு கொண்டுவருவார்கள் என்று நம்பவைத்து, வாசலில் செருப்பும் ஒட்டகத்துக்குப் புல்லும் வைக்கச் சொல்கிற அப்பா அம்மா எல்லாரையும் பிடித்து உள்ளே போடு. ஐந்து வயதுப் பிள்ளையைக் காசோடு தனியாக விட்டது யார்? அவளுடைய அம்மாவைக் கேள். என்னைக் கேட்காதே.

வால்டெமார்


சால்டோ
5 செப்டம்பர் 1994

வால்டெமார்,

சுல்மாவை இழுக்காதே. அவள் விடிவதற்கு முன் பழக் கொட்டகைக்குப் போகிறவள். நீ எந்த நேரத்துக்கு எழுவாய் என்பது எனக்குத் தெரியும்.

நானும் பதினோரு வருஷம் “நெஜம்தான்” என்று சொன்னேன். ஒட்டகம் புல் தின்றது என்று நம்பிய பிள்ளை யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. வித்தியாசம் உனக்குப் புரிகிறது. புரியாத மாதிரி இருப்பது உனக்கு வசதி.

நான் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். யாமிலா திரும்பி வந்த அன்று வகுப்பில் இன்னும் நாலு பேர் காதைத் திருகிக்கொண்டிருந்தார்கள். விழுங்காதே என்று சொன்னால் அதற்காகவே விழுங்குவார்கள். அதனால் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வலது கை காசை எடுப்பதுபோல் எடுக்கும், காசு இடது கையிலேயே இருக்கும், வாய்க்குப் போவது வெறும் கை, மாமா விழுங்கியது வெறும் எச்சில். ஆளுக்கு ஒரு பெரிய அட்டைக் காசு வெட்டிக் கொடுத்தேன், வாய்க்குள் நுழையாத அளவில். மத்தியானம் வரை பழகினார்கள். இப்போது அண்ணன், அக்கா, பக்கத்து வீடு என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர்கூட என் காதிலிருந்து காசு எடுக்கிறார்.

உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

நெலிடா


மொண்டெவிடியோ
14 செப்டம்பர் 1994

நெலிடா,

அக்கா என்று எழுதக் கை கூசுகிறது.

அது என் ஐட்டம். இரண்டு வருஷம் விரல் வீங்க வீங்கப் பழகியது. ரகசியத்தைச் சொல்லமாட்டேன் என்று மேஜிக்காரர் சங்கத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். அதை நீ அட்டையில் வெட்டி ஊருக்கெல்லாம் பங்கு வைத்திருக்கிறாய். என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினேன் என்கிறாய்.

நேற்று சங்கக் கூட்டத்தில் உன் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தேன். உன் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கக் கூடாது என்று ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

அக்டோபர் 8 உங்கள் ஊரில் ப்ரூனோ என்ற பையனின் பிறந்தநாளுக்கு வருகிறேன். காசைத்தான் செய்யப்போகிறேன். நீ அந்தப் பக்கம் வராதே.

வால்டெமார்


சால்டோ
20 செப்டம்பர் 1994

வால்டெமார்,

பேரை எடுத்ததற்கு நன்றி. ஒரு குழந்தையின் தொண்டையைவிடத் தங்கள் ரகசியம் பெரிது என்று நினைக்கிறவர்களோடு என் பேர் இருந்ததுதான் எனக்கு அவமானம். எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

நான் வரமாட்டேன். பிள்ளைகள் வருவார்கள்.

நெலிடா


மொண்டெவிடியோ
10 அக்டோபர் 1994

நெலிடா,

உனக்கு எப்படியும் யாராவது வந்து சொல்வார்கள். அவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

படப் புத்தகம் நன்றாகப் போனது. உடைந்த கோலுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு காசை எடுத்தேன். வாயில் போட்டேன். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில், “அந்தக் கையில இருக்கு மாமா” என்றார்கள். நான் கேட்காததுபோல் விழுங்கிக் காட்டினேன். “எச்சிலைத்தான் முழுங்குறாரு” என்றான் ப்ரூனோ. பெரியவர்கள் சாண்ட்விச்சை வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். இடது கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஒரு சின்னப் பெண் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். “யாமிலா, இங்க வாடி” என்று பின்னாலிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டாள். அப்போதுதான் யாரென்று தெரிந்தது. நான் இன்னும் கொஞ்சம் பெரிய பெண்ணாக நினைத்திருந்தேன். இடது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக விரித்தாள். காசு இருந்தது. அதை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்து, “நான் கேட்டேன்ல, நெஜம்னு ஏன் மாமா சொன்னீங்க?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மண்டியிட்டு உட்கார்ந்து அவளுடைய காதோடு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது அவளிடம்தான், சொல்லிவிட்டேன். அவளுடைய அம்மாவிடமும் பேசினேன். உனக்கு அதில் பங்கு இல்லை. நீ சரியாகத்தான் செய்தாய் என்று என் வாயிலிருந்து வரும் என்று காத்திருக்காதே. வராது.

பிறகு அவள் என் காசை வாங்கி, எல்லாருக்கும் காட்டி, விழுங்குவதுபோல் விழுங்கி, என் காதிலிருந்து எடுத்தாள். எனக்கு ஒருநாளும் அப்படிக் கை தட்டியதில்லை. அந்த ஐட்டத்தை நான் இனிச் செய்யப்போவதில்லை. சால்டோவுக்கும் வரமாட்டேன். மீதி இரண்டு பிறந்தநாளை நீயே செய்துகொள், ஓடிலோனிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும். காசை மறைக்கும்போது அவள் கட்டைவிரலை வெளியே நீட்டுகிறாள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. அது உன்னுடைய தப்பு, நீ எப்போதும் அப்படித்தான் பிடிப்பாய். உள்ளே மடக்கச் சொல்லிக்கொடு.

இதற்குப் பதில் எழுதாதே.

வால்டெமார்