ஆரோனின் அங்கி

ஸ்பிரிங்வேல்
மெல்போர்ன்
4.8.2024

சிட்னி லிட்கமில் இருக்கும் என் அன்பு மனுசனுக்கு,

உங்கள் அருள்நாயகி எழுதுவது. சுகமாயிருக்கிறேன், இரண்டு கிலோ கூடியும் இருக்கிறேன். போனில் பகிடி விட்டுச் சிரித்தால் உடனே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லைப் பாருங்கோ. எழுத்துப் பிழைகளைப் பொறுக்கவும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று தெரிந்துதானே கட்டினீர்கள்.

கோயில் விழாவுக்கு வேதாகம நாடகம். மோசேயின் அண்ணன் ஆரோன் குருவாகிற கதை. உடுப்புத் தைக்கிற வேலை என் தலையில். நீல அங்கி, விளிம்பில் நூல் மாதுளம்பழமும் பொன் மணியும் மாறி மாறி. நெஞ்சில் பன்னிரண்டு கல். வியட்நாம்காரி கடையில் பொத்தான் வாங்கித் தைத்தேன். நேற்று ஆரோனாக நடிக்கிற பெடியன் துஷாந்த் போட்டுப் பார்த்தான். கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை, வயிற்றுக்குள் இன்னொரு ஆள் நிற்கலாம்.

நாடகம் பழக்கும் யோகராணி அக்கா கேட்டா: "நாயகி, ஆரின்ரை அளவிலையடி வெட்டினனீ?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. நாடா எடுக்காமல் வெட்டியிருக்கிறேன். என் கைக்குத் தெரிந்த ஆம்பிளை அளவு ஒன்றுதான்.

"ஆரோனும் வயசாளிதானே அக்கா, என்ரை மனுசனையே கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டேன். செப்டெம்பர் 14. வருவீர்களா?

மன்னாரில் பூசை உடுப்புகளை மடித்து வைத்தவர் நீங்கள். சொல்லுங்கோ, ஒரு துணி எப்படிப் புனிதமாகிறது? நான் தைக்கும்போது அது துணியாகத்தான் கிடக்கிறது.

நாயகி

லிட்கம்
15.8.2024

நாயகிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை.

புனிதம் என்றால் வேறாக எடுத்து வைப்பது. அந்த உடுப்பைச் சந்தைக்கோ வயலுக்கோ போட்டுக்கொண்டு போக முடியாது. ஆண்டவருக்கு முன்னால் நிற்க மட்டும்தான். கல் ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். ஆரோன் தன் சனத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறான். மணி, அவன் உள்ளே போகிற சத்தம் கேட்க.

நாடகத்துக்கு வர மாட்டேன். சனத்துக்கு முன்னால் நிற்க இனி எனக்கு ஏலாது. காரணம் உனக்குத் தெரியும்.

ஜெயசிங்கம்

ஸ்பிரிங்வேல்
22.8.2024

வேறாக எடுத்து வைக்கப்பட்டவருக்கு,

நீங்கள் சொன்ன கணக்குப்படி, ஆறு வருடம் என்னை விட்டு வேறாக இருந்ததில் புனிதராகவே ஆகியிருப்பீர்கள். மெழுகுதிரி கொளுத்தவோ?

காரணம் தெரியும். நிஷானியின் கலியாணத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கடை வீட்டிலை உழைக்கிறது என்ரை மெசின், சாப்பிடுறது என்ரை மனுசன்" என்றேன். அப்போது உங்களுக்கு வேலை போய் நாலு மாதம். முந்நூறு பேர் சிரித்தார்கள். அது பகிடிதானே? ஃபாதரையே விடாதவள் நான், பெற்ற மகளின் கலியாணத்தில் சும்மா இருப்பேனா?

நீங்கள் உட்காரும் கதிரையில் நூல் கட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறேன், வெறுமையாகத் தெரியக் கூடாதென்று. வாருங்கோ, எடுத்துவிடுகிறேன்.

நாயகி

லிட்கம்
31.8.2024

நாயகிக்கு,

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வருடத்தில் ஒரு நாள், பாவம் தீர்க்கிற நாள். அன்றைக்கு மட்டும் ஆரோன் திரைக்கு அப்பால், ஆக உள்ளே போவான். போகுமுன் பொன், கல், மணி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் வெள்ளைத் துணி உடுத்துவான். அவ்வளவு உள்ளே போக அலங்காரம் ஆகாது.

இருபத்தெட்டு வருடத்தில் நீ ஒருநாளாவது பகிடியில்லாமல் என்னோடு கதைத்திருக்கிறாயா?

ஜெயசிங்கம்

ஸ்பிரிங்வேல்
5.9.2024

உங்களுக்கு,

அன்றைக்கு நான் சொன்னது பகிடியில்லை. வேலை போன நாளிலிருந்து அந்த நாலு மாதமும் நீங்கள் என்னோடு வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தைத்தான் மைக்கில் கொட்டினேன். சனம் சிரித்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகும் இன்னொரு தரம் சொன்னேன். அது நான் செய்த பாவம். என்னை மன்னியுங்கோ.

அங்கியைப் பிரித்து, கைக்குத் துண்டு போட்டுத் துஷாந்தின் அளவுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டேன். நாடகத்துக்கு வர வேண்டாம். அடுத்த நாள் ஞாயிறு, வீட்டுக்கு வாருங்கோ. ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் மட்டும்தான் இருப்பேன்.

அருள்நாயகி