வளைக்கிற மெஷினும் என் கையும்

4.2.2013, திங்கள்
கொட்டாரத்தில் பஸ் மாறி இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனேன். வேலைக்குத்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் காலேஜுக்குள் நுழைந்தாயிற்று! ஃபைபர் வள்ளம் செய்யும் ஞானதாசன் மாமாவின் ஷெட்டில் கண்ணாடி நார் மேட் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை, ஆராய்ச்சி செய்யும் லிஜி அக்கா பத்து நாளைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறாள். "இவ வாயத் திறக்க மாட்டா, கைதான் பேசும்" என்று மாமா சொல்லி அனுப்பினார்.

வாழைநார் ஓர் அடுக்கு, கண்ணாடி நார் ஓர் அடுக்கு, இடையில் ரெசின் பசை; காய்ந்தால் பலகை. ரெசினில் கரிபோல ஒரு பொடி. கார்பன் நானோகுழாயாம். "தலைமுடிய ஆயிரமாப் பிளந்தாலும் அவ்வளவு மெலிசா வராதுட்டி" என்றாள் அக்கா. கலந்தால் பலகை வளைந்தாலும் சீக்கிரம் ஒடியாதாம்.

5.2
நாலு பலகை போட்டேன். ஒரு குமிழ்கூட இல்லை என்று அக்கா மெச்சினாள். நான் பிரஷைக் கழுவப் போனேன்.

8.2, வெள்ளி
ஐயோ.

பலகையைக் கீற்றாக அறுத்து, இரண்டு முனையையும் தாங்கலில் வைத்து, நடுவில் மெஷின் அமுக்கியது. பொடி கலக்காமல் அக்காவே முன்பு போட்டது நன்றாகத் தாங்கியது. என்னுடையவை நாலும் அடுக்கடுக்காகப் பிரிந்தன, புரோட்டா மாதிரி. சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சொல்லிவிட்டாராம்: "பொடி கலந்தா பலம் குறையுதுன்னு எழுதி முடிச்சிரு." மூன்று வருஷ உழைப்பு. மிச்சப் பொடி ஒரு பலகைக்குத்தான் காணும்.

9.2
காலேஜ் லீவு. இன்று மாமா ஷெட்டில். மேட்டைத் தொடும் முன் எல்லோரையும் போலக் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். இல்லாவிட்டால் கண்ணாடி நார் குத்தி நாளெல்லாம் அரிக்கும். பெருவிரலில் ரெசின் சொட்டியது. காய்ந்ததும் தோலாக உரிந்து வந்தது. ஒட்டவே இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலேஜிலும் இதே எண்ணெய்க் கையால்தானே அடுக்கினேன்? அக்கா தந்த ரப்பர் உறையைப் பிடி கிடைக்கவில்லை என்று கழற்றிப் போட்டதும் நான்தான். வள்ளத்தின் கனத்துக்கு இது தெரியாது. அந்த மெல்லிய பலகைக்கு?

10.2, ஞாயிறு
சர்ச் பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்றே தெரியாது. சொல்லணுமா? சொன்னா வேல போவும். சொல்லலன்னா பொடி மேல பழி. பாவம், அந்தப் பொடி என்ன செஞ்சு?

11.2
சொல்லிவிட்டேன்.

"அக்கா, பொடி இல்ல. நான்தான்." அவ்வளவுதான் வந்தது. பிறகு கையை நீட்டி அழுதேன். அக்கா மோந்து பார்த்தாள்.

"எண்ணெயா? ஏட்டி, ரெண்டு நாளா சோறு எறங்காம கெடந்தேன். இதத்தான் மனசுல வச்சிட்டு இருந்தியா?"

பிறகு சிரி சிரியென்று சிரித்தாள். மிச்சப் பொடியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீயே போடு மக்கா."

மூன்று தடவை சோப்பு. அப்புறம் உறை.

12.2
காய்கிறது. கிட்டேயே போகவில்லை.

14.2
மெஷின் அமுக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணத் திறட்டி!" கீற்று வில்லாக வளைந்தது. பொடி கலக்காத பழைய பலகை ஒடிந்த அளவையும் தாண்டி வளைந்துகொண்டே போனது. அப்புறம்தான் டப்பென்று ஒடிந்தது. அடுக்கு பிரியவில்லை. அக்கா என்னைத் தூக்கப் பார்த்தாள், இரண்டு பேரும் விழுந்தோம்.

6.3, புதன்
புதுப் பொடி வந்துவிட்டது. பத்து நாள் என்று வந்தவளை இன்னும் அனுப்பவில்லை. கைடு பொன்னுலிங்கம் சார் வேலையைப் பார்க்க வந்தார். எண்ணெய் வழிய வாரிய தலை. அதைத் தடவிக்கொண்டே வாழைநாரை எடுக்கக் கை நீட்டினார்.

"சார், தொடாதீங்க! கை கழுவிட்டு வாங்க."

யார் இவ்வளவு சத்தமாகப் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். லிஜி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சார் குழாயடிக்குப் போனார். சோப்பும் போட்டார். திரும்பி வந்து, இரண்டு கையையும் என்னிடம் காட்டினார்.