ஏன் தாமதம் என்று ஒரு கூட்டம்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை உங்களோடு வீடு திரும்பக் காத்திருந்தபோது உங்கள் அலுவலகத்தில் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

மென்பொருளை ஐந்து மணிக்குத் தருவதாக வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தவர் நீங்கள். செய்ய வேண்டியவர் ரொஷேல். அவர் ஐந்தரைக்குள் மகளின் பிறந்தநாளுக்குக் கொட்டாஞ்சேனை போயாக வேண்டும். நீங்களோ அரை மணிக்கொரு தடவை அவரைக் கூட்டத்துக்கு அழைத்தீர்கள்.

"எவ்வளவு முடிஞ்சது?"

"பிழையைப் பிடிக்கப் போகேக்க கூப்பிடுறீங்க மிஸ். திரும்பிப் போனா முதல்லயிருந்து தேடுறன்."

"அப்ப ஏன் தாமதமெண்டு கதைக்க ஒரு மீற்றிங் வைப்பம்."

வைத்தீர்கள். போன வருடம் இப்படி ஓயாமல் கூட்டம் வைத்ததற்காக உங்கள் முகாமையாளரை வீட்டில் திட்டித் தீர்த்ததும் நீங்கள்தான்.

ஆறு மணிக்கு, "முடிச்சிட்டுப் போங்கோ" என்று ரொஷேலிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டீர்கள். அவர் உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருக்க, வாசலில் இருந்த சுவிட்சைத் தட்டி அலுவலக விளக்குகளையும் அணைத்தீர்கள்.

வெட்கத்துடன்,
உங்கள் தங்கை