விலாங்கின் ஈரல்

அன்புள்ள நைரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஆற்றில் கழிவு விடும் ஆலைக்காரர்கள் நீர் சுத்தம் என்கிறார்கள். நீர் அன்றைய நாளை மட்டும் காட்டும் வருகைப் பதிவு மாதிரி. மீனின் ஈரலோ மாதம் முழுவதும் சேர்ந்த நஞ்சை எழுதிவைத்த நோட்டு. அதைச் சோதிக்கத்தான் விலாங்கு பிடித்தோம். நானோ நம் சமையல் வழக்கப்படி, சேற்று வாடை போகட்டும் என்று மூன்று நாள் ஊற்றுநீரில் விட்டுவைத்தேன்.

ஆய்வாளர் மெரியானா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, சமைக்கவா பிடிச்சீங்க? நஞ்சோட தடயமே ஈரல்ல மங்கிப்போயிருக்கும்! வெள்ளிக்கிழமை ஆலை மேல நடக்குற விசாரணையில எதைக் காட்டுறது?"

"இப்பவே திரும்பப் பிடிப்போம்மா."

இடுப்பளவு நீரில் நின்று ஒன்பது பிடித்தோம். உடனே ஈரல்களைப் பனிக்கட்டியில் வைத்தாள்.

சோதனை முடிவு வரும்வரை பேரப்பிள்ளைகளுக்கு ஆற்று மீன் வேண்டாம். கம்பளிக் காலுறை அனுப்பு. நீ இல்லாத வீட்டில் ஒருவருக்கு மட்டும் தேநீர் போட எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. விசாரணையில் என் தவற்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆலையைப் பற்றிப் பேசுவேன்.

உன்,
ராவிரி