சோறு இல்லாத தட்டு

ஜூன் 3
கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். சர்க்கரை இறங்கினால்தான் புரை எடுப்பாராம். எனக்கோ ஜரிகையும் பட்டும் ஒன்றாகத் தெரிகின்றன. தறியில் பாதிச் சேலை நிற்கிறது.

பயப்படுகிற ஆளா நான்? மகள் சங்கரி சென்னையிலிருந்து குயினோவா என்று ஒரு சீமைத் தானியம் அனுப்பியிருக்கிறாள். நூறு கிராமில் பதினாலு கிராம் புரதம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. அரிசிக்கு இன்றோடு முழுக்கு.

ஜூன் 4
கழுவக் கழுவ நுரை. சாயம் ஏற்றுமுன் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பொங்குமே, அந்த மாதிரி. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினேன், கசப்பு போயிற்று. வத்தக்குழம்பு ஊற்றி இரண்டு தட்டு. எதிர்வீட்டு கிருஷ்ணவேணி சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பாடு எங்கே, வெறும் குயினோவாதான் என்றேன்.

ஜூன் 9
மிளகு, சீரகம் தாளித்துக் குயினோவாப் பொங்கல். என் கைக்குப் படியாத தானியம் உண்டா!

ஜூன் 14
கிருத்திகை விரதம். ராத்திரி சோறு கூடாது, பலகாரம்தான். குயினோவா உப்புமா, வயிறு முட்ட. முருகனுக்கும் ஆச்சு, சர்க்கரைக்கும் ஆச்சு.

ஜூன் 18
ரத்தச் சோதனையில் சர்க்கரை ஏறியிருக்குது. இறங்கல, ஏறியிருக்குது! ஒரு பருக்கை சோறு தொட்டேனா? ஒரு வேளை மாத்திரை வுட்டேனா? ஆட்டோவில் வரும்போதே அழுதுவிட்டேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி நெய்வேன்?

வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சோத்ததான வுட்ட, குழலி. சாப்பாட்ட எங்க வுட்ட? ரெண்டு தட்டு துன்னுட்டு, இன்னும் சாப்பிடலன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்குற.”

வந்ததே கோபம். ஆனால் மனுஷன் சொன்னதில் தப்பு எங்கே?

ஜூன் 19
பட்டு நிறுக்கும் தராசை எடுத்து வைத்தேன். நூறு கிராம் குயினோவா வெந்தபின் முந்நூறுக்கு வந்தது. அடடா, அந்தப் பதினாலு வேகாத தானியத்தின் கணக்கு! வெந்தது நூறு கிராம் சாப்பிட்டால் நாலரைதான். சோற்றில் மூன்றுக்கும் கம்மி, வெந்த சாமை இரண்டுக்கும் நடுவில் என்று சங்கரி போனில் பார்த்துச் சொன்னாள். குயினோவாவில் நார்ச்சத்து கூடுதல், மாவுச்சத்து சோற்றைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனால் இல்லாமல் இல்லை. இரண்டு தட்டு தின்றால் ஒரு தட்டுச் சோற்றையே தாண்டிவிடும்.

நல்ல தானியம்தான். அள்ளிக் கொட்டிக்கொண்டது நான். சரி, இனிமேல் ஒரு கரண்டி. மீதித் தட்டுக்குக் கீரையும் சுண்டலும்.

ஜூலை 2
குயினோவா தீர்ந்தது. இன்று சாமை. அதற்கும் அதே கரண்டிதான்.

ஜூலை 16
இறங்கிவிட்டது! டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 29
புரை எடுத்து, கண் கட்டுப் பிரித்துச் சில நாள் ஆகிறது. இன்னும் தறியில் உட்காரக் கூடாதாம். எட்ட நின்றே பார்த்தேன், ஜரிகை தனியாக மின்னுகிறது.

மத்தியானம் கிருஷ்ணவேணி வாசலில் நின்று, “சாப்ட்டியாக்கா?” என்றாள்.

ஒரு கரண்டி சாமையும் கீரையும் அப்போதுதான் முடித்திருந்தேன்.

“சாப்ட்டேன்மா” என்றேன்.