தேசிக்காய் நசித்த கார்

2006 ஒக்டோபர் 15, ஞாயிறு. எனக்கு வயது எழுபத்தொன்றும் நான்கு மாதமும்.

மகன் குகனின் ஐந்நூறு குதிரைவலுக் கார், பந்தயத் தடத்தின் நீண்ட வளைவில் கியர்பொக்ஸ் இறுகி நின்றுவிட்டது. வளைவில் கியர்பொக்ஸ் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், மறுபக்கம் காய்ந்துபோகும், ஒயில் பம்ப் ஒன்று பூட்டு என்று போன மாதமே சொன்னேன். லண்டனில் பட்டம் பெற்ற அந்த முட்டாள், கார்ச் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுப் போனான்.

“நாவூறு அம்மா, ஆற்றையோ கண் பட்டிட்டுது. வேறை கியர்பொக்ஸ் போட்டு, வாற கிழமை என்ரை பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போறன்.”

“பம்ப் பூட்டாமலோ?”

“சும்மா கத்தாதேங்கோ. அப்பா செத்தது பிரேக் பிடிக்காமலெல்லே?”

இருபத்தெட்டு வருடமாக நான் சொல்லிவந்த பொய்யை எனக்கே திருப்பிச் சொல்கிறான். அவர் செத்த அன்று பிரேக்கில் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஒயில் வற்றிய கியர்பொக்ஸ்தான் இறுகியது. அன்று காரை ஓட்டியவள் நான்.